உங்கள் ஓவியக் கண்காட்சிக்கு மக்களை அழைப்பது எப்படி? முதல்முறை நடத்துபவர்களுக்கான வழிகாட்டி

என் முதல் தனிக் கண்காட்சிக்கு 22 ஓவியங்கள் வரைந்தேன். 14 மாதம் ஆனது. அழைப்பிதழ் எழுதி, வடிவமைத்து, எல்லாருக்கும் அனுப்பி முடிக்க நான் ஒதுக்கியது நான்கே நாள். திறப்பு மாலையில் வீட்டாரையும் சேர்த்து அரங்கில் பதினோரு பேர் இருந்தோம். கண்காட்சி முடிந்து ஓவியங்களை இறக்கிக் கட்டிக்கொண்டிருந்தபோது நன்கு தெரிந்த ஒருவர் போன் செய்தார். "அடுத்த வாரம்தானே? சனிக்கிழமை வரலாம்னு இருக்கேன்" என்றார். அழைப்பிதழில் தொடங்கும் தேதியைப் பெரிதாகப் போட்டு, முடியும் தேதியை அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தேன். அவர் மேல் ஒரு தவறும் இல்லை.

அதற்குப் பிறகு தனியாகவும் மற்ற ஓவியர்களோடு சேர்ந்தும் சில கண்காட்சிகள் நடத்திவிட்டேன். ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்றைத் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன். அவற்றை வரிசையாக எழுதிவைத்தால் முதல்முறை நடத்தப்போகிற உங்களுக்கு அந்த அலைச்சல் மிச்சமாகும். வரைவது பற்றி இதில் எதுவும் இல்லை. வரைந்து முடித்த ஓவியத்தின் முன் ஒருவர் வந்து நிற்கும்வரை என்னென்ன வேலை இருக்கிறது என்பது மட்டும்தான்.

1. திறப்பு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

ஒரு தாளின் அடியில் திறப்பு நாளை எழுதுங்கள். அங்கிருந்து மேலே போங்கள். எனக்கு ஒத்துவந்த கணக்கு இது.

ஆறு மாதம் முதல் ஓராண்டு முன்பு: அரங்குக்கு விண்ணப்பம். பலர் தேடும் அரங்குகளில் தேதிகள் அதற்கும் முன்பே போய்விடும்.

மூன்று மாதம் முன்பு: எந்தெந்த ஓவியம் என்ற பட்டியல் முடிவாகிவிட வேண்டும். புகைப்படம் எடுக்க வேண்டும். மாத இதழ்களுக்குத் தகவல் போக வேண்டும்.

இரண்டு மாதம் முன்பு: ஃபிரேம் போடக் கொடுக்க வேண்டும்.

ஆறு வாரம் முன்பு: அழைப்பிதழ் வாசகமும் வடிவமும் தயார்.

நான்கு வாரம் முன்பு: முதல் அறிவிப்பு.

பத்து நாள் முன்பு: முறையான அழைப்பு.

முந்தைய நாள்: நினைவூட்டல்.

எண்ணெய் வண்ணத்தில் வரைபவர்கள் இதில் இன்னொரு கணக்கையும் சேர்க்க வேண்டும். தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரவே சில நாள் முதல் இரண்டு வாரம் ஆகும். தடிமனாகப் பூசிய இடங்கள் இன்னும் நாளெடுக்கும். கடைசி வார்னிஷுக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் பொறுப்பது வழக்கம். ஆகவே கண்காட்சிக்கு முந்தின வாரம் வரை புது ஓவியம் வரைந்துகொண்டிருக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். ஈரமான ஓவியத்தைச் சுமந்துகொண்டு போவது ஒரு கஷ்டம் என்றால், அந்தக் கடைசி வாரம் முழுக்க அழைப்பு வேலைக்குத் தேவைப்படும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

2. அரங்கை, வரப்போகிறவரின் கண்ணால் பாருங்கள்

அரங்கைப் பார்க்கப் போனால் நமக்கு முதலில் சுவர்தான் கண்ணில் படும். எத்தனை அடி நீளம், என்ன நிறம், ஆணி அடிக்க விடுவார்களா, கம்பி தொங்கவிட்டிருக்கிறார்களா. அதெல்லாம் தேவைதான். ஆனால் வாசலிலிருந்து தொடங்குங்கள். தெருவில் நின்றால் அரங்கின் பெயர் தெரிகிறதா? முன்கதவு பூட்டியிருந்து பக்கத்துச் சந்து வழியாக வர வேண்டுமா? மாடி என்றால் லிஃப்ட் இருக்கிறதா? சக்கர நாற்காலியில் வருபவர் எப்படி உள்ளே வருவார்? வண்டியை எங்கே நிறுத்துவது? காவலாளி அடையாள அட்டை கேட்பாரா? நுழைவு இலவசமா? இவற்றுக்குக் கிடைக்கும் பதில்கள்தான் பின்னால் அழைப்பிதழில் வரிகளாக வரும்.

திறப்பு எத்தனை மணிக்கோ அதே மணிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். பகலில் ஜன்னல் வெளிச்சத்தில் அழகாக இருந்த சுவர், மாலையில் ஒற்றைக் குழல்விளக்கில் வெளிறிப்போய்க் கிடக்கும். ஸ்பாட்லைட் இருந்தால் எத்தனை வேலை செய்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

மறக்காமல் கேட்க வேண்டியது வார விடுமுறை. ஒரு அரங்கில் நான் ஏழு நாள் வாடகை கட்டினேன். நடுவில் ஒரு நாள் அரங்குக்கு விடுமுறை என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அன்று தொலைவிலிருந்து வந்த இரண்டு குடும்பங்கள் பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டன. அவர்களை மறுபடி வரச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அரங்குகள் பொதுவாக இரண்டு விதம். வாடகைக்கு விடும் அரங்கில் நாட்கணக்கில் பணம் கட்டுகிறீர்கள். விற்பனை முழுதும் உங்களுக்கு, அழைப்பு வேலையும் முழுதும் உங்களுக்கு. கமிஷன் வாங்கும் கேலரியில் வாடகை இருக்காது, விற்ற விலையில் 30 முதல் 50 சதவீதம் வரை அவர்களுக்குப் போவது வழக்கம். அவர்களிடம் வாங்குபவர்களின் பட்டியல் இருக்கும், அதற்கு அனுப்புவார்கள். வாடகையும் கட்டு, கமிஷனும் கொடு என்பவர்களும் உண்டு. அப்படிக் கேட்டால், அந்தக் கமிஷனுக்கு அவர்கள் என்ன செய்து தருவார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் வேறு இடம் பார்ப்பதுதான் நல்லது என்பேன்.

3. தாள்களை ஒரே கோப்பில் சேருங்கள்

விண்ணப்பத்தில் தொடங்கி செய்திக்குறிப்பு வரை அதே விவரங்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். ஒருமுறை ஒழுங்காகச் செய்து வைத்துவிட்டால் அடுத்தடுத்த கண்காட்சிக்கும் உதவும்.

உங்களைப் பற்றி 100 முதல் 150 சொற்களில் ஒரு குறிப்பு. இந்த ஓவியங்களைப் பற்றி இன்னொரு 150 சொல். 10 முதல் 20 ஓவியங்களின் படங்கள். கோப்பின் பெயரிலேயே உங்கள் பெயர், ஓவியத்தின் தலைப்பு, ஆண்டு மூன்றும் இருக்கட்டும். வெறும் எண்ணோடு வரும் படம் யாருடையது என்று தேடிக்கொண்டிருக்க எந்தப் பத்திரிகை ஆசிரியருக்கும் நேரம் இருக்காது. அப்புறம் ஓவியப் பட்டியல்: தலைப்பு, ஆண்டு, ஊடகம் (எண்ணெய் வண்ணம், நீர்வண்ணம் என்று எதில் வரைந்தது), அளவு, விலை. அளவில் உயரத்தை முதலிலும் அகலத்தை அடுத்தும் எழுதுவதுதான் ஓவியத் துறையின் வழக்கம். இதை மாற்றி எழுதினால் நெடுக்கான ஓவியத்தைக் கிடைமட்டம் என்று நினைத்துச் சுவரில் இடம் ஒதுக்கிவிடுவார்கள்.

அரங்கோடு போடும் ஒப்பந்தத்தில் இவை இருக்கின்றனவா பாருங்கள்: தொடங்கும் நாள், முடியும் நாள், திறந்திருக்கும் நேரம். மாட்டுவதற்கும் இறக்குவதற்கும் தனி நாள் உண்டா, அதற்கும் வாடகையா. முன்பணம் எவ்வளவு, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும். ஓவியம் சேதமானால் யார் பொறுப்பு. விற்ற பணம் எத்தனை நாளில் கைக்கு வரும். தள்ளுபடி கொடுத்தால் அது யார் பங்கிலிருந்து போகும். கடைசி இரண்டையும் புதியவர்கள் விட்டுவிடுகிறார்கள், பின்னால் மனத்தாங்கல் வருவது பெரும்பாலும் இவற்றில்தான்.

ஓவியங்களை ஒப்படைக்கும்போது பட்டியலில் கையெழுத்து வாங்குங்கள். ஒவ்வொன்றின் முன்பக்கமும் பின்பக்கமும் மூலைகளும் தெரிய, தேதியோடு படம் எடுத்து வையுங்கள். காப்பீடு எடுப்பதானால் உங்கள் சுவரிலிருந்து இறக்கும் நேரம் தொடங்கி மறுபடி வீடு வரும்வரை, வழிப்பயணமும் சேர்த்து, செல்லுமா என்று கேளுங்கள். அரங்கின் காப்பீடு பல சமயம் கட்டடத்தோடு நின்றுவிடும்.

இனி அனுமதிகள். ஏற்கெனவே விற்ற ஓவியத்தைக் காட்சிக்கு இரவல் கேட்டால், உரிமையாளரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள், திருப்பித் தரும் தேதியோடு. பெரும்பாலான நாடுகளின் சட்டப்படி ஓவியத்தை விற்றாலும் அதன் பதிப்புரிமை, எழுதிக் கொடுக்காதவரை, வரைந்தவரிடமே இருக்கும். ஆகவே விற்ற ஓவியத்தின் படத்தை அழைப்பிதழில் போடலாம். ஆனால் வேறொருவர் எடுத்த புகைப்படத்தைப் பார்த்து வரைந்திருந்தால் கதை வேறு. அந்தப் புகைப்படக்காரரின் அனுமதி வேண்டும். வீட்டில் மாட்டியிருந்தவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், அழைப்பிதழில் அச்சாகி ஊர் முழுக்கப் போனபின் கேட்பார்கள். உருவப்படம் என்றால் அமர்ந்தவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், தன் முகத்தை அழைப்பிதழில் திடீரென்று பார்ப்பது எல்லாருக்கும் பிடிக்காது.

4. செலவில் அழைப்புக்கென்று தனி வரி போடுங்கள்

பெரும்பாலும் வாடகையும் ஃபிரேமும்தான் பெரிய செலவு. அடுத்து வண்டி, மாட்டும் கூலி, அச்சு, காப்பீடு, திறப்பு மாலைச் செலவு. அழைப்பு வேலைக்கு மிச்சம் இருந்தால் பார்க்கலாம் என்று நினைப்போம். மிச்சம் இருக்காது. மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கையாவது அதற்கென்று முதலிலேயே எடுத்து வையுங்கள். இன்னொரு பத்தில் ஒரு பங்கு எதிர்பாராத செலவுக்கு. உடையும் கண்ணாடி ஒன்று எப்படியும் இருக்கும்.

ஃபிரேம் செலவைக் குறைக்க ஒரு வழி: அளவுகளை இரண்டு மூன்றுக்குள் அடக்குவது. ஒரே அளவில் பத்து ஃபிரேம் சொன்னால் விலை பேசலாம், அடுத்த கண்காட்சியில் அவற்றிலேயே வேறு ஓவியங்களை மாட்டலாம்.

கூரியரில் அனுப்புபவர்கள் கவனிக்க: எடைக்குப் பணம் என்று நினைத்துப் போவீர்கள். அவர்கள் பெட்டியின் பருமனைப் பார்ப்பார்கள். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது விமானக் கூரியரில் பரவலாக உள்ள கணக்கு. 100 × 80 × 12 செ.மீ. பெட்டி உள்ளே ஐந்து கிலோதான் இருக்கும், கணக்கில் 19.2 கிலோ. பெட்டி செய்யும் முன்பே இதைப் போட்டுப் பாருங்கள். வேறு நாட்டில் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவருவதானால் ஏடிஏ கார்னே என்ற சுங்க ஆவணம் பற்றி விசாரியுங்கள். அந்த முறையை ஏற்கும் நாடுகளில், தற்காலிகமாகக் கொண்டுபோகும் பொருளுக்கு இறக்குமதி வரி கட்டாமல் போய்வரலாம். அதிகபட்சம் ஓராண்டு செல்லும்.

விலை வைக்கும்போது கமிஷனைக் கழித்துப் பாருங்கள். 40 சதவீதம் என்றால் 100-க்கு விற்றால் கைக்கு 60. அந்த அறுபதில் ஃபிரேமும் வண்ணமும் கேன்வாஸும் அடங்க வேண்டும். உங்கள் ஸ்டுடியோவுக்கு நேரில் வந்தால் ஒரு விலை, அரங்கில் ஒரு விலை என்று வைக்காதீர்கள். அது வெளியே தெரிந்த அன்றே இரண்டு பக்கமும் நம்பிக்கை போய்விடும்.

5. அழைப்பிதழுக்கான ஓவியத்தைத் தேர்ந்தெடுங்கள்

உங்களுக்கு மிகப் பிடித்த ஓவியமும் அழைப்பிதழுக்குப் பொருத்தமான ஓவியமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. போனில் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அப்போதும் ஒரு வடிவம், ஒரு நிறம் பளிச்சென்று தெரிகிறதா? அதுதான் சரி. மெல்லிய கோடுகளும் மங்கிய நிறங்களுமான ஓவியம் நேரில் ஆளை நிறுத்தும், சின்னத் திரையில் சாம்பல் கறையாகத் தெரியும். பெரிய ஓவியம் என்றால் ஒரு பகுதியை மட்டும் வெட்டிப் போடலாம். அப்படிப் போட்டால் "ஒரு பகுதி" என்று கீழே குறிப்பிடுங்கள்.

படம் எடுக்க நேர்வெயில் வேண்டாம், ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். மேகமூட்டமான பகலில், வெளியே நிழலில், ஓவியத்தின் நடுவுக்கு நேராகக் கேமராவை ஸ்டாண்டில் வைத்து எடுங்கள். கண்ணாடி போடும் முன்பே எடுத்துவிடுங்கள். அச்சுக்கு 300 டிபிஐ, அதாவது ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி, வேண்டும். ஏ5 அளவுத் தாள் 148 × 210 மி.மீ. சுற்றிலும் வெட்டுக்கு 3 மி.மீ. விட்டால் படம் சுமார் 1819 × 2551 பிக்சல் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் சுருங்கித்தான் போகும், அச்சகத்துக்கு அதை ஆவணமாகவோ மின்னஞ்சலிலோ அனுப்புங்கள். திரையில் மின்னும் நீலமும் பச்சையும் அச்சில் மங்கும். மொத்தமாக அடிக்கும் முன் ஒரே ஒரு பிரதி எடுத்து, ஓவியத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

6. அழைப்பிதழை எழுதுங்கள்

இங்கேதான் நிறைய நேரம் செலவழிக்கச் சொல்வேன்.

அழைப்பிதழை வாங்குபவர் மனதில் வரும் கேள்விகள் இந்த வரிசையில்: யாருடையது? என்ன? என்று முதல் என்று வரை? எத்தனை மணிக்கு? எங்கே? பணம் கட்ட வேண்டுமா? நான் வரலாமா? இந்த ஏழுக்கும் ஒரே பார்வையில் பதில் இருக்க வேண்டும். கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். கேலரிக்குள் கால் வைக்கவே தயங்குபவர்கள் ஏராளம். ஓவியம் பற்றித் தெரிந்தவர்களுக்கு மட்டும், வாங்குபவர்களுக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டு வாசலோடு போய்விடுவார்கள். "அனைவரும் வரலாம். நுழைவு இலவசம். குழந்தைகளையும் அழைத்து வாருங்கள்" என்று வெளிப்படையாக எழுதுங்கள். என் மூன்றாவது கண்காட்சியில்தான் இந்த வரியைச் சேர்த்தேன். "குழந்தைகளையும்னு போட்டிருந்தீங்க, அதான் வந்தோம்" என்று ஒரு அம்மா சொன்னார். அவருடைய மகள் ஒரு ஓவியத்தின் முன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள், கால் மணி நேரம் எழுந்திருக்கவில்லை. அந்தக் காட்சிக்காகவே அந்த வரியை இனி ஒருபோதும் எடுக்க மாட்டேன்.

தேதியோடு கிழமையையும் எழுதுங்கள். "14 முதல் 22 வரை" என்பதைவிட "மார்ச் 14, சனி முதல் மார்ச் 22, ஞாயிறு வரை" மனதில் நிற்கும், தேதி தப்பாக இருந்தால் கிழமை காட்டிக்கொடுத்தும்விடும். தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் ஒரே அளவு எழுத்தில் இருக்கட்டும். இடையில் விடுமுறை நாள் இருந்தால் அதே வரியில், அடிக்குறிப்பில் வேண்டாம். "காலை 11 முதல் மாலை 7 வரை" என்று முடியும் நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள். நீங்கள் அரங்கில் இருக்கும் நேரத்தைத் தனியாகச் சொல்லுங்கள். ஓவியரைப் பார்த்துப் பேசலாம் என்பதற்காகவே வருபவர்கள் உண்டு.

முழு முகவரி, பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு அடையாளம், எந்த மாடி, ஒரு தொடர்பு எண். வரைபடத்துக்குக் கியூஆர் கோடு போடுவதானால் அச்சில் 2 செ.மீ.க்குக் குறையாமல் போடுங்கள். இலவசமாகச் செய்து தரும் சில தளங்களின் கோடுகள் சோதனைக் காலம் முடிந்ததும் வேலை செய்யாது. முகவரியை நேரடியாகவே உள்ளடக்கிய நிலையான கோடுதான் வேண்டும். அச்சான தாளிலிருந்து இரண்டு மூன்று போன்களில் எடுத்துப் பாருங்கள்.

ஓவியங்களைப் பற்றி இரண்டு வரி போதும். கவித்துவமாக எழுதத் தோன்றும். "மௌனத்தின் நிறங்களில் ஒரு பயணம்" மாதிரி ஒரு வரி யாருடைய கண்காட்சிக்கும் பொருந்தும், அதனால் உங்களுடையதைப் பற்றி ஒன்றும் சொல்லாது. "மழைக்காலத்தில் ஒரே ஜன்னலிலிருந்து பார்த்து வரைந்த 18 நீர்வண்ண ஓவியங்கள்" என்று எழுதினால் படிப்பவருக்கு ஜன்னல் தெரியும், மழை தெரியும், பார்க்க வேண்டும் என்று தோன்றும். என்ன வரைந்தீர்கள், எதில் வரைந்தீர்கள், எத்தனை. அவ்வளவுதான்.

அச்சுக்குப் போகும் முன் உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரிடம் கொடுத்து, "இதைப் பார்த்தா எப்போ, எங்கே வருவீங்க?" என்று கேளுங்கள். அவர் தடுமாறும் இடத்தைத் திருத்துங்கள்.

7. மூன்று சுற்றாக அனுப்புங்கள்

முதலில் பெயர்ப் பட்டியல். முன்பு ஓவியம் வாங்கியவர்கள், ஸ்டுடியோவுக்கு வந்தவர்கள், உடன் வரையும் நண்பர்கள், ஓவிய ஆசிரியர்கள், அவர்களுடைய மாணவர்கள், ஃபிரேம் போட்டுக் கொடுத்தவர், வண்ணக் கடைக்காரர், அக்கம்பக்கத்தார், பள்ளித் தோழர்கள். அரங்கைச் சுற்றி வேலை செய்பவர்களையும் சேருங்கள். மதிய இடைவேளையில் பத்து நிமிடம் எட்டிப் பார்க்க வசதி அவர்களுக்குத்தான்.

நான்கு வாரம் முன்பு முதல் சுற்று: தேதியைக் குறித்து வைக்கச் சொல்லி இரண்டு வரி. பத்து நாள் முன்பு இரண்டாவது சுற்று: முழு அழைப்பிதழ். முந்தைய நாள் மூன்றாவது: "நாளை மாலை 6 மணிக்குத் திறக்கிறோம்." அதற்கு மேல் போனால் தொந்தரவு. கண்காட்சி நடக்கும்போது, முடிய இரண்டு நாள் இருக்கையில் ஒரே ஒரு செய்தி அனுப்பலாம். அது நன்றாக வேலை செய்கிறது. நாளைக்குப் போகலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தவர்கள் அதைப் பார்த்துத்தான் கிளம்புகிறார்கள்.

ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்டில் ஒரு பட்டியலுக்கு 256 பேர்தான், அதுவும் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும். அனுப்பிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். மின்னஞ்சலில் மற்றவர்களின் முகவரி தெரியாதபடி மறைநகலில் (பிசிசி) போடுங்கள். விவரம் முழுவதையும் படத்துக்குள் மட்டும் வைக்காமல், தேதியையும் இடத்தையும் எழுத்தாகவும் தட்டச்சு செய்யுங்கள். பின்னால் தேடும்போது எழுத்துதான் சிக்கும். இன்ஸ்டாகிராம் பதிவின் வாசகத்தில் ஒட்டும் இணைப்பை யாராலும் தட்டித் திறக்க முடியாது, சுயவிவரப் பக்கத்தில் வையுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட ஆளைக் கொண்டுவருவது பெயர் சொல்லி அழைப்பதுதான். பட்டியலில் முப்பது பேரையாவது தேர்ந்தெடுத்துத் தனித்தனியாக எழுதுங்கள், அல்லது போன் செய்யுங்கள். "போன தடவை அந்தச் சிவப்புக் கதவு ஓவியத்தைப் பத்திக் கேட்டீங்களே, அதே வரிசையில இன்னும் நாலு வரைஞ்சிருக்கேன்" என்று சொன்னால் அவர் வருவார். ஒரு நாளைக்கு ஐந்து பேர் என்று வைத்துக்கொண்டால் ஆறு நாளில் முடிந்துவிடும்.

அடுத்தடுத்து இரண்டு மூன்று கண்காட்சிகள் இருந்தால், எல்லாவற்றையும் ஒரே அளவில் ஒரே அழைப்பில் அடைக்காதீர்கள். நெருங்கி வருவது பெரிதாக, மற்றவை அடியில் தேதியும் இடமும் மட்டும். ஒன்றில் காட்டாத எதை அடுத்ததில் காட்டப்போகிறீர்கள் என்று ஒரு சொல் சேர்த்தால், இரண்டுக்கும் வர ஒரு காரணம் கிடைக்கும்.

8. பத்திரிகைக்கும் அறிவிப்புப் பலகைக்கும்

செய்திக்குறிப்பு ஒரு பக்கம் தாண்ட வேண்டாம். முதல் பத்தியிலேயே யார், என்ன, எப்போது, எங்கே. பெரிய அளவுப் படங்கள் இரண்டு, படக்குறிப்போடு. மாத இதழுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பு, நாளிதழின் நிகழ்ச்சிப் பட்டியலுக்கு இரண்டு வாரம் முன்பு அனுப்புங்கள். நூலகங்கள், கலைப் பள்ளிகள், புத்தகக் கடைகளில் கேட்டுக்கொண்டு ஒரு தாள் ஒட்டுங்கள். முடிந்ததும் நீங்களே போய்க் கழற்றிவிடுங்கள். அடுத்தமுறையும் ஒட்ட விடுவார்கள்.

9. கட்டுவதும் மாட்டுவதும்

அக்ரிலிக் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் அதன் மேற்பரப்பு மென்மையாகத்தான் இருக்கும், வெப்பத்தில் இன்னும் இளகும். நான் ஒரு பெரிய ஓவியத்தைக் குமிழ் உறையில் (பபிள் ராப்) நேரடியாகச் சுற்றி, வெயிலில் நின்ற வண்டியில் ஏற்றினேன். அரங்கில் பிரித்தபோது முன்னாலிருந்து பார்க்க ஒன்றும் தெரியவில்லை. விளக்கைப் போட்டதும் வானத்து நீலம் முழுக்க வரிசை வரிசையாகச் சின்ன வட்டங்கள். அந்த ஓவியத்தை மாட்டவில்லை. முதலில் கிளாசின் என்ற வழவழப்பான மெல்லிய தாளோ சிலிக்கான் பூசிய தாளோ சுற்றி, அதன் மேல் குமிழ்ப் பக்கம் வெளியே இருக்கும்படி உறையைச் சுற்றுங்கள்.

மாட்டும் உயரத்துக்கு, ஓவியத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. இருப்பது பொது வழக்கம். 80 செ.மீ. உயர ஓவியம், பின்கம்பியை இழுத்துப் பிடித்தால் மேல்விளிம்பிலிருந்து 10 செ.மீ. கீழே நிற்கிறது என்று வையுங்கள். நடுப்புள்ளி 148 என்றால் 148-உடன் 40 கூட்டி 10 கழிக்க, ஆணி 178 செ.மீ.யில். இந்தக் கணக்கை ஒவ்வொரு ஓவியத்துக்கும் வீட்டிலேயே போட்டு எடுத்துப் போனால் மாட்டும் நாள் பாதியாகக் குறையும். விளக்கு, நிறம் காட்டும் திறன் (சிஆர்ஐ) 90-க்கு மேல் உள்ளதாக இருக்கட்டும். நீர்வண்ணம், காகித ஓவியங்களுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்பது அருங்காட்சியக அளவு, எண்ணெய் வண்ணத்துக்கு 200 வரை போகலாம்.

தலைப்பு அட்டைகளின் எழுத்தை ஒரு கை தூரத்தில் நின்று படித்துப் பாருங்கள். கண்ணாடி இல்லாமல் வந்த பெரியவரும் படிக்க வேண்டும்.

10. திறப்பு மாலையும் அதற்குப் பிந்தைய நாட்களும்

பேச்சு பத்து நிமிடத்துக்குள் முடியட்டும். வந்தவர்கள் சுவரைப் பார்க்க வந்திருக்கிறார்கள். உதவிக்கு இரண்டு பேரை வைத்துக்கொள்ளுங்கள்: ஒருவர் வாசலில், ஒருவர் விலைப்பட்டியலோடு. நீங்கள் கையைக் காலியாக வைத்துக்கொண்டு நடங்கள். உள்ளே நுழைந்தவர் மேல் உடனே பாய வேண்டாம், அவர் ஒரு சுற்றுப் பார்க்கட்டும். ஒரு ஓவியத்தின் முன் இரண்டாம் முறை வந்து நிற்பவரிடம் போய்ப் பேசுங்கள்.

யாராவது வாங்குவதாகச் சொன்னால் முன்பணம் வாங்கி, ரசீது எழுதிக் கொடுத்த பிறகு, விற்றுவிட்டது என்று காட்டும் சிவப்புப் பொட்டு ஒட்டுங்கள். வாய்வார்த்தைக்கு ஒட்டினால் உண்மையில் வாங்க நினைத்த இன்னொருவர் அதைப் பார்த்துப் போய்விடுவார். ஓவியத்தைக் கண்காட்சி முடிந்துதான் எடுத்துப்போக முடியும் என்பதை ரசீதிலேயே எழுதுங்கள்.

வார நாட்களின் மதியத்தில் அரங்கு காலியாக இருக்கும். கிளம்பிவிடாதீர்கள். என் ஓவியங்களை நிதானமாகப் பார்த்தவர்கள், நிறையக் கேள்வி கேட்டவர்கள் எல்லாம் அந்த வெறும் மதியங்களில் வந்தவர்கள்தான். ஸ்கெட்ச் புத்தகத்தைக் கொண்டுபோய் ஒரு மூலையில் வரைந்துகொண்டிருங்கள், அருகே வந்து பேச அவர்களுக்கும் சுலபமாக இருக்கும்.

11. இறக்கிய பிறகு

விற்ற ஓவியங்களை ஒரு வாரத்துக்குள் கொடுத்துவிடுங்கள், கையெழுத்திட்ட சான்றிதழோடு: தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு, ஓவியத்தின் சின்னப் படம். விற்காதவற்றை ஒப்படைப்புப் பட்டியலோடு ஒப்பிட்டுச் சரிபார்த்து வாங்குங்கள். முன்பணம் திரும்ப வர வேண்டியிருந்தால் அன்றே எழுதிக் கேளுங்கள்.

பார்வையாளர் குறிப்பேட்டை ஒவ்வொரு இரவும் தட்டச்சு செய்யுங்கள். கடைசியில் மொத்தமாகச் செய்ய உட்கார்ந்தபோது பல பெயர்களை என்னால் படிக்க முடியவில்லை. அன்றன்றைக்குச் செய்தால் முகம் நினைவிருக்கும், எழுத்து புரியும், எந்த ஓவியத்தின் முன் நின்றார் என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளலாம். குறிப்பேட்டின் மேலேயே "அடுத்த கண்காட்சிக்கு அழைக்கலாமா?" என்று ஒரு கட்டம் போட்டுவிடுங்கள். ஆம் என்று குறித்தவர்களுக்கு மட்டும் அனுப்புங்கள். வந்தவர்களுக்குப் பத்து நாளுக்குள் நன்றி சொல்லி ஒரு செய்தி, அடுத்த கண்காட்சியின் தேதி முடிவாகியிருந்தால் கிழமையோடு அதுவும்.